ஹாலில் நின்ற பால்மரம்

உங்கள் வீட்டு ஹாலின் நடுவில் ரப்பர் மரம் நின்றதுண்டா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் வீட்டில் நின்றது.

ரப்பர் எஸ்டேட்டை விட்டு பாக்கார் ஆராங்கில் தெரஸ் வீடு வாங்கிய வருடம் அது. வரிசையின் ஓர வீடு. பக்கத்து நிலத்தில், பழைய ரப்பர் தோட்டத்து மரம் ஒன்று வெட்டப்படாமல் நின்றது. ஹாலை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டும் வேலையை அப்பா சித்தப்பாவிடம் கொடுத்தார். அவர் அலோர் ஸ்டாரில் வீட்டுப் பிளான் வரையும் ஆபீஸில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுப் புத்தகங்களில் படம் பார்த்துக் கெட்டுப்போனவர்.

மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றி ஹாலைக் கட்டினார். மரம் வெளியே போகக் கூரையில் ஓட்டை. சுவருக்குப் பூச்சுக் கிடையாது, செங்கல் அப்படியே பல்லைக் காட்டியது. மரத்தில் ஆணி அடித்து மூங்கில் விளக்கு வேறு.

"வெளிய இருக்கிறத உள்ள கொண்டாரணும் அண்ணி. அதான் இப்ப டிசைன்."

"அது உள்ள வரவேணாம்னுதான தம்பி எஸ்டேட்ட விட்டே வந்தேன்!" என்றாள் அம்மா. கல்யாணமானதிலிருந்து தினமும், மரத்தில் காய்ந்த பாலை உரித்துவிட்டுப் பட்டையைச் சீவிப் பால் வெட்டியவள் அவள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒழுகாத கூரை, வெள்ளைச் சுவர். யார் கேட்டார்கள்?

இந்த அழகில்தான் அக்காவைப் பெண் பார்க்க அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கும்தான்.

வந்தது எப்போது? ரப்பர் மரம் மொத்த இலையையும் கொட்டும் வறண்ட மாதத்தில். காலையிலிருந்து அம்மா கூட்டினாள், அக்கா கூட்டினாள், நான் கூட்டினேன். மரம் கொட்டிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் காப்பியில் ஒரு இலை விழுந்தது. அவர் நல்ல மனிதர், எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

"வீடு இன்னும் முடியலையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, செங்கல்லைப் பார்த்து.

"முடிஞ்சிருச்சும்மா, இதான் ஃபேஷன்," என்றார் சித்தப்பா.

"எங்களுக்கெல்லாம் டவுன் பொழப்புலா. எஸ்டேட் பக்கமே தெரியாது," என்றார் அந்த அம்மா.

அவர் நாற்காலி மரத்தை ஒட்டிக் கிடந்தது. விளக்கு ஆணி குத்திய இடத்திலிருந்து பால் வழிந்து, பட்டைமேல் நீளமாகக் காய்ந்திருந்தது. பேசிக்கொண்டே, பார்க்காமலே, அந்த அம்மா கட்டைவிரலால் அதன் நுனியை நெம்பினார். அறுபடாமல் ஒரே இழையாக உரித்தார். உள்ளங்கையில் உருட்டி உருண்டையாக்கினார்.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா அண்ணி, என்னா லாவகம்! எந்தத் தோட்டத்துலம்மா வெட்டுனீங்க?"

மாப்பிள்ளை தன் அம்மாவின் கையையே பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்?

அம்மாதான் பேசினாள். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை "வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா" என்று பயந்து பேசியவள், முதல்முறையாகச் சிரித்தாள். "கை மறக்காதுக்கா. எனக்கும் அப்பிடித்தான். இன்னொரு காப்பி குடிங்கக்கா."

அந்த அம்மா உருண்டையைத் தட்டில் வைத்தார். "வெயில் ஏறுது. கெளம்புறோம்."

கார் போன பிறகு அம்மா துடைப்பத்தைச் சித்தப்பாமேல் எறிந்தாள். "நாக்குல ஆணி அடிச்சிருக்கணும் ஒனக்கு!"

"நான் என்ன அண்ணி தப்பாச் சொன்னேன்?"

மெர்கோங்கிலிருந்து பதிலே வரவில்லை. காப்பியில் விழுந்த இலைதான் காரணம் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். அம்மா தன்னைப்போலப் பால் வெட்டியவளாகச் சேர்த்துக்கொண்டு அவ்வளவு பிரியமாக 'அக்கா' என்று கூப்பிட்டதைவிட, சித்தப்பாவின் கேள்வியே அந்த அம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்பது எனக்கு அன்று எப்படிப் புரியும்?

அக்காவுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.