பேனாவில் எழுதிய சீட்டு

எனக்கு அந்தக் காடு பிடிக்கவே இல்லை. மேற்கு மலையின் உச்சியில், மேகம் தரையோடு தரையாக நகர்கிற சோலைக்காடு அது. படத்தில் பார்ப்பவர்கள் சொர்க்கம் என்பார்கள். ஆந்திர எல்லையில் பிச்சாட்டூர் வெயிலில் வளர்ந்த எனக்கு அங்கே இருந்த நாளெல்லாம் பல் கிட்டிப்போனது. சாக்ஸுக்குள் அட்டைகள் குடித்தனம் நடத்தின. போர்வை, சட்டை, நோட்டு எல்லாம் நமுத்துப்போயின.

அங்கே மூன்று குன்றுகளில், குன்றுக்கு ஒன்றாக, மூன்று ஆண் சிலந்திகளைப் பிடித்தேன். வலை கட்டிக் காத்திருக்கிற சாதி இல்லை. பதுங்கிப் போய்த் தாவி இரையைப் பிடிக்கிற சாதி. அரிசி மணி அளவுதான் இருக்கும். முகத்தில் வரிசையாக நான்கு கண்கள், அவற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. முதல் சிலந்தி கண்ணாடிக் குழாய்க்குள் விழுந்ததும் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு என்னோடு சண்டைக்கு நின்றது. அந்த மலையில் எனக்குப் பிடித்துப்போன ஒரே ஆள் அதுதான்.

மூன்றையும் தனித்தனிக் குப்பியில் ஸ்பிரிட்டில் போட்டேன். எந்த இடம், எவ்வளவு உயரம், எந்த நாள், பிடித்தது யார் என்று சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதி ஒவ்வொரு குப்பிக்குள்ளும் இட்டேன். பிறகு ரயிலேறி ரேணிகுண்டாவில் வந்து இறங்கினேன்.

திருப்பதியில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர் நகரிக்காரர். தறிக்கார வீட்டுப் பிள்ளை, எங்களைப் போலவே தமிழ் பேசுகிற குடும்பம். ஆனால் டிபார்ட்மெண்டில் ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனில் அம்மாவிடம் மட்டும் "துன்னியாமா?" என்று கேட்பார். மற்றபடி எல்லாம் தெலுங்குதான். என்னை ஊர்ப் பேர் சொல்லித்தான் அழைப்பார். "ஏம்மா பிச்சாட்டூரு, ஸ்லைடு எக்கட?" என்பார். நானும் ஸ்லைடைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஆண் சிலந்தியின் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். அந்தக் கையின் அமைப்புதான் அது எந்த இனம் என்று சொல்லும். இடது கையை வரைவது எங்கள் வழக்கம். மைக்ரோஸ்கோப்பில் கண் எரிய எரிய அதை வரைந்தேன். இதுவரை எழுதப்பட்ட எந்த விவரிப்போடும் அது ஒத்துப்போகவில்லை. உலகத்தில் யாரும் பேர் வைக்காத ஓர் உயிர் என் கையில் இருக்கிறது என்று தெரிந்த அன்று, காண்டீனில் தனியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன்.

அந்தச் சிலந்தியைப் பற்றி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிற கட்டுரையின் நகலை சார் ஒருநாள் காட்டினார். விவரித்தவர் அவர். பிடித்தவரும் அவர். கடைசி வரியில் ஒரு நன்றி, "உதவிய ஒரு மாணவிக்கு." நான் வரைந்த படம், நான் அளந்த அளவு, எல்லாம் இருந்தன. என் பேர் எங்குமே இல்லை.

ஏன் சார் என்று கேட்டேன். கூலி ஆட்கள் பேரெல்லாம் கட்டுரையில் வராது என்று தெலுங்கில் சொன்னார். என்னைப் பெற்ற நைனா கூலி வேலைக்குப் போகிறவர் என்று தெரிந்துதான் சொன்னார். குப்பிகள் இருந்த அலமாரியின் சாவியையும் அன்றே வாங்கிக்கொண்டார்.

திருச்சானூர் அறைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷனை அப்படி வெறுத்தேன். போனில் நைனாவிடம் சொன்னபோது, "வுட்டுட்டு வந்துடும்மா. எட்டுக்கால் பூச்சிக்காவ எவன்கிட்டயும் பேச்சு வாங்கிக்கினு கெடக்காத" என்றார். "வர மாட்டேன் நைனா. அது நான் புட்ச்சது" என்றேன்.

சில வாரம் கழித்து சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் அவரே எழுந்து கதவைச் சாத்தினார். மேசை மேல் என் மூன்று குப்பிகள். உள்ளிருந்த ஸ்பிரிட் வெளிர் நீலமாக இருந்தது. மூன்று சீட்டுகளும் வெறும் வெள்ளைக் காகிதம்.

பார்த்தவுடனே புரிந்துவிட்டது. என் பேர் இருந்த பென்சில் சீட்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தன் பேரைப் போட்டுப் புதுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார். பால்பாயின்ட் பேனாவில்! அந்த மையை ஸ்பிரிட் கரைத்துவிடும். எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம் அது. இத்தனை வருஷமும் மாணவர்களே எழுதிப் போட்டார்கள். அவர் கை ஒரு சீட்டும் எழுதியதில்லை.

கட்டுரை போயிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் குப்பியைச் சீட்டோடு படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எந்த உடல் எந்தக் குன்றில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் கட்டுரை அவ்வளவுதான்.

"எது எந்த மலைல புட்ச்சதுன்னு உனுக்குத் தெரியுமாம்மா?" என்றார். தமிழில்! "நீயும் நம்ம பக்கத்துப் பொண்ணுதானே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? தெரியும். முதல் குன்றில் பிடித்ததற்கு இடது பின்னங்கால் இல்லை. இரண்டாவதற்கு வலது முன்னங்கால் பாதிதான். மூன்றாவது முழுசு. எல்லாம் அந்த நமுத்த நோட்டில் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அவரைப் பழிவாங்கப்போய் என்னோடு சண்டைக்கு நின்ற அந்தச் சிலந்தியை ஊர் பேர் இல்லாமல் விட மனசு வரவில்லை.

"தெரியும் சார். ஆனா புட்ச்சவ நானுன்னு சீட்டுல இருக்கணும். கட்டுரையில முதல் பேரு என்னுது. உங்க பேரு ரெண்டாவதா இருந்துட்டுப் போவட்டும்."

மின்விசிறியை ஒரு தடவை பார்த்தார். கதவைப் பார்த்தார். "சரி" என்றார்.

முதல் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் பென்சிலை அவரிடம் நீட்டினேன். "நீங்களே எழுதுங்க சார்." நோட்டைப் பார்த்துப் படித்தேன். இடம் எழுதினார். உயரம் எழுதினார். நாள் எழுதினார். பிடித்தவர் என்ற இடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. தலை நிமிராமல் கேட்டார்.

"உம்பேரு இன்னாம்மா?"

மூன்று வருஷமாக மாதாமாதம் என் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டவர். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை குப்பியைக் கொடுக்கவில்லை.