சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டி

லாலுங் பாரன் மூன்று மாதமாக ஒரு பொய்யை வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். பொய் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சோப்பு டப்பா அளவுதான். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், ஜாக்கிக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில், பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடந்தது.

வயது ஐம்பத்தெட்டு. பாகெலாலான் என்ற தன் மலையூரிலிருந்து மலையரிசி மூட்டைகளை அடிவாரத்து லாவாஸ் டவுனுக்கு இறக்குவார். அங்கிருந்து காஸ் சிலிண்டரும் சிமெண்டும் ஏற்றி வருவார். ஆள் ஏற்றுவதில்லை. முன்னெல்லாம் பக்கத்து சீட்டில் மனைவி சினாங் உட்கார்ந்து வழி முழுக்க ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள். மகளுக்குப் பிரசவம் என்று தூரத்து மிரி நகரத்துக்குப் போனவள், “ரெண்டே மாசம்” என்றாள். ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. முதல் பேரன் ஓடி விளையாடுகிறான், அடுத்ததும் பிறந்துவிட்டது. போனில் கூப்பிட்டால், “சாப்டீங்களா? அங்க மழையா?” என்பாள். அதற்குள் ஒரு குழந்தை அலறும், வைத்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? மகளைத்தான் சொல்ல முடியுமா? யாரையும் சொல்ல முடியாததால் லாலுங் வாயை மூடிக்கொண்டார்.

ஊரில் மனுஷர் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாற்பது பேர் கை குலுக்குவார்கள். அப்புறம் அவரவர் வீட்டுக்கு அவரவர் போவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் லாலுங் போவார். கூப்பிடாமல் போய் உட்காரத்தான் அவருக்குத் தெரியாது. என்ன செய்ய, அப்படி ஒரு பிறவி.

வண்டியில் கோளாறு வந்தது அந்த நேரத்தில்தான். வழியில் லோங் செமாடோ ஊரைத் தாண்டி ஒரு செம்மண் ஏற்றம் உண்டு. மழை பெய்தால் நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏற முடியும். அன்றைக்கு லாலுங் அதற்கான குமிழைத் திருப்பினார். விளக்கு மினுக்கு மினுக்கென்று மினுக்கியதே தவிர, முன்சக்கரம் அசையவில்லை. நாலு சக்கர இழுவைக்கு உத்தரவு போடும் மின்பெட்டி செத்துவிட்டது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

மாட்டிக்கொண்ட வண்டியைக் கடந்து போவது அந்தப் பாதையில் கிடையாது. ஜென்மப் பகையாளியானாலும் நின்று இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாட்டவில்லை, சும்மா நிற்கிறேன் என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் போய்விடுவார்கள்.

அன்று மூன்று வண்டிகள் நின்றன. பதினேழு பேர் சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். மேலே ஏறியதும் தீ மூட்டி, இலையில் மடித்த குழைந்த சோற்றையும் புகையில் வாட்டிய காட்டுப்பன்றி இறைச்சியையும் பிரித்துவைத்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் ஜெபம் சொன்னார். பயணிகளை ஏற்றி ஓட்டும் இளைஞன் புவாஸ், “மாமா, வண்டிக்கு முட்டி வலியா, உங்களுக்கா?” என்று சீண்டினான்.

“ரெண்டு பேருக்கும்டா. ரெண்டு பேரையும் தள்ளு.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தான் சொன்னதற்குப் பத்துப் பேர் சிரித்து எத்தனை நாளாயிற்று! லாலுங்குக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரவில்லை.

மறுவாரம் லாவாஸில் மெக்கானிக் லியோங் புதுப்பெட்டியைக் கையில் கொடுத்தார். “உன் வண்டி நம்பரெல்லாம் இதுல ஏத்திட்டேன். நான் மாட்டித் தரவா?”

“வேணாம், நானே மாட்டிக்கிறேன்.”

“பேட்டரி வயரக் கழட்டிட்டு மாட்டு. ரெண்டு போல்ட்டு, மூணு பிளக்கு. கொழந்த கூட மாட்டும்.”

நாளைக்கு மாட்டலாம் என்று சீட்டுக்குப் பின்னால் வைத்தார். மறுநாள் மழை வந்தது, செம்மண் ஏற்றம் வழுக்கியது, நாலு பேர் நின்றார்கள், சோறு பிரித்தார்கள். அப்புறம் அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. மழை நாளில் ஏற்றத்தடியில் நின்றுவிடுவதே வழக்கமானது. அந்த இடத்துக்கே ‘லாலுங் கடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிலர் அவருக்கென்று ஒரு பொட்டலம் கூடுதலாகக் கட்டி வந்தார்கள். “பெட்டி இன்னும் வரலையா மாமா?” என்று புவாஸ் கேட்டால், “வரும், வரும்” என்பார். சொல்லும்போது காது சுடும். சுட்டாலும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை மதியம், சிலிண்டர் பாரத்தோடு வழக்கமான இடத்தில் சறுக்கி நின்றார். மேலிருந்து புவாஸின் வண்டி வந்தது. லாலுங்குக்கு முகம் மலர்ந்தது. புவாஸ் சிரிக்கவில்லை. ஓடி வந்தான்.

“மாமா, அக்கா உள்ள இருக்கா. வலி எடுத்துருச்சு, இன்னும் ஒரு மாசம் இருக்கு. வண்டிய எடுங்க, எடுங்க!”

அவனுடைய அக்கா ரினாய் பின்சீட்டில் அம்மாவின் மடியில் கிடந்தாள். லாலுங் குமிழைத் திருப்பினார். விளக்கு மினுக்கியது. மறுபடி திருப்பினார். பெட்டியை இப்போதே மாட்டலாம் என்று தோன்றியது. ஆனால் புவாஸ் அதற்குள் இழுவைக் கம்பியை மாட்டிவிட்டான். அவன் கண்முன்னால் அந்த அட்டைப்பெட்டியை எப்படி வெளியே எடுப்பது? இந்தக் கேவலமான கணக்கைத்தான் அந்த நேரத்திலும் லாலுங் போட்டார். சிலிண்டர்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். உள்ளே ரினாய் முதலில் கத்தினாள், அப்புறம் முனகினாள், அப்புறம் சத்தமே இல்லை. வண்டியை ஓரம் கட்ட நாற்பது நிமிடம் ஆனது.

“மன்னிச்சிருடா” என்றார் லாலுங்.

“மிஷினு மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க!” புவாஸ் ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொண்டே இரண்டு இலைப்பொட்டலங்களை நீட்டினான். “இன்னிக்கு உக்கார நேரமில்ல. எங்க பங்கையும் நீங்களே சாப்பிடுங்க.”

வண்டி வளைவில் மறைந்தது. லாலுங் பொட்டலங்களோடு சேற்றில் நின்றார். பிறகு சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பெட்டியை எடுத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, பழையதன் இரண்டு போல்ட்டையும் மூன்று பிளக்கையும் உருவினார், புதியதை வைத்து முறுக்கினார். வயரை மாட்டிச் சாவியைத் திருப்பி, குமிழைத் திருகினார். அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். விளக்கு மினுக்காமல் நிலையாக நின்றது. ஒன்பது நிமிடம். பாவி, ஒன்பதே நிமிடம்! ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

லாவாஸ் ஆஸ்பத்திரி வாசலில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. நீலம் பாரித்துக் கிடந்ததைக் கண்ணாடிப் பெட்டியில் ஆறு நாள் வைத்துத் தேற்றினார்கள். பெண் குழந்தை. பிழைத்துக்கொண்டது. அந்த ஆறு நாளும் லாலுங் சரியாகத் தூங்கவில்லை.

ஏழாம் நாள் லாவாஸ் சந்தை ஓரத்தில் புவாஸைப் பிடித்து, எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பழைய பெட்டியையும் கையில் கொண்டுபோயிருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

புவாஸ் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வெடித்தான்.

“மூணு மாசமா! எங்கக்கா செத்திருப்பா, தெரியுமா? எங்ககூட உக்காந்து சாப்பிடணும்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான மாமா?”

“சொல்லியிருந்தா நின்னிருப்பியா?”

புவாஸ் திரும்பிப் பார்த்தான். பின்னால் அவன் வண்டியில் ஐந்து பயணிகள் காத்திருந்தார்கள். ஒருவர் ஹாரன் அடித்தார்.

“நேரமாச்சு” என்றான் புவாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. போய்விட்டான்.

அடுத்த மழை நாளில் செம்மண் ஏற்றத்தை லாலுங்கின் வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது. உச்சியில் பழைய அடுப்புக் கரி மழையில் கரைந்து கிடந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, தானே கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தை மடியில் பிரித்தார்.

பாதிச் சோற்றில் எதிரே ஒரு வண்டி வந்தது. புவாஸ்தான். பயணிகள் நிறைந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் இவரையே பார்த்தான். வேகம் குறைந்தது, கிட்டத்தட்ட நின்றேவிட்டது. மாட்டிக்கொண்டாரா இல்லையா என்பதை இவர்தான் சொல்ல வேண்டும்.

லாலுங் வாயிலிருந்த சோற்றை விழுங்கினார். சோறு ஒட்டிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வண்டி போய்விட்டது.