எல்லை டவரின் சங்கிலி

சுவரில் மாட்டிய கறுப்பு டெலிபோன். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். திருப்பதிக்குப் பக்கத்து சப்-ஸ்டேஷனில் நான் ஷிப்ட் ஆப்பரேட்டராக இருந்தபோது மின்சாரத்தைவிட அந்த டெலிபோனுக்குத்தான் அதிகம் பயந்தேன். மின்சாரமாவது முறைப்படி நடந்துகொள்ளும். மதராஸ் பக்கமிருந்து ஊர்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் லோட் டெஸ்பாட்சர் அப்படியா? மின்சாரத்தைப் பானையில் பிடித்து வைக்க முடியாது. மேட்டூரில் எவ்வளவு உற்பத்தியாகிறதோ, அந்த நொடியில் ஊர்கள் எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான் எடுக்கலாம். கூடுதலாக எடுத்தால் ஃப்ரீக்வென்ஸி மீட்டரின் முள் ஐம்பதிலிருந்து இறங்கும். முள் இறங்கினால் அவர் குரல் ஏறும். "மில்லை வெட்டு, பம்புசெட்டை வெட்டு" என்பார். வெட்டுவது நான், ஊர்க்காரர்களிடம் வசவு வாங்குவதும் நான்தான். இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம். பார்த்துக்கொள்ளட்டும், மகராசனாய்.

அந்த டெலிபோனில் நான் ஆசையாய் எதிர்பார்த்த குரல் ஒன்றே ஒன்று. எங்கள் லைன் இன்ஸ்பெக்டருடையது. நகரிக்காரர், தறி நெய்கிற குடும்பம், என் வயதுதான். சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை. சந்தையில் நின்று பேசுவதுபோல டெலிபோனில் கத்துவார். "மெதுவா பேசுய்யா, காது போச்சு" என்றால், "உனக்கு காது இருந்து இன்னாபா பிரயோஜனம்? உன் வூட்டம்மா சொல்றதையே கேக்க மாட்டேன்ற" என்பார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஒரு வார்த்தை கூடாது, குறையாது. லைனில் கை வைக்கும் முன் என்னிடம் லைன் க்ளியர் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தக் கம்பியில் யாரும் மின்சாரம் ஏற்றக் கூடாது. வேலை முடிந்து, ஆட்கள் இறங்கி, பாதுகாப்புக்குக் கம்பியோடு மாட்டிய எர்த் சங்கிலிகளைக் கழற்றிய பிறகு, வாங்கியவரே தன் வாயால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அவரே இன்னொருவர் பேருக்கு மாற்றித் தரலாம். அவர் சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கலெக்டரே வந்து சொன்னாலும் வேறு வழி கிடையாது.

ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் எல்லை பிரித்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. மனிதர்களைப் பிரித்தார்கள், சரி. கம்பி என்ன செய்யும்? அது பாட்டுக்கு அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. முன்பு ஒரே ஆட்கள் ஒரே லாரியில் போய்ப் பார்த்த லைனை, அதன்பின் இரண்டு இலாகா பார்த்தது. எல்லையில் நின்ற டவர் வரைக்கும் அவர்கள், அதிலிருந்து நாங்கள்.

ஒரு நாள் இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த லைனில் வேலை செய்தார்கள். சாயங்காலம் மதராஸ் பக்கத்தார் லைன் க்ளியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இன்ஸ்பெக்டர் மட்டும் பேசவில்லை. அதற்குள், சித்தூர் பக்கமிருந்து எங்களைத் தாங்கிக்கொண்டிருந்த இன்னொரு லைன் சுமை தாளாமல் துண்டித்துக்கொண்டது. என் சப்-ஸ்டேஷன் செத்தது. திருப்பதி முழுக்க இருட்டு. டெஸ்பாட்சர் என்னைப் பிடித்துக் கிழித்தார். "ஒரு வார்த்தை சொல்லுமய்யா, இந்தப் பக்கமிருந்து லைனை சார்ஜ் பண்ணிவிடுகிறேன். ஊரை இருட்டில் போட்டுவிட்டு என்ன பூஜை செய்கிறீர்?"

"இன்ஸ்பெக்டர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை" என்றேன். எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

பிறகு மணி அடித்தது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர். "உங்க இன்ஸ்பெக்டர் டவர்லேர்ந்து விழுந்துட்டார். வயித்துக்குள்ள ரத்தம் போகுது. வெளிச்சம் இல்லாம டாக்டர் கத்தி வைக்க முடியாதாம். அவரே பேசணும்னு அடம்பிடிச்சதால கட்டிலோட டெலிபோன்கிட்ட தூக்கிட்டு வந்திருக்கோம்."

அடுத்து வந்த குரலை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு சின்னதாக இருந்தது.

"நான்தாம்பா பேசறேன்."

வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன். வேறென்ன கேட்பது? "ஆள் எல்லாம் இறங்கியாச்சா? எர்த் எல்லாம் எடுத்தாச்சா?"

பின்னால் டாக்டர் தெலுங்கில் சத்தம் போட்டார். "எடுத்தாச்சுன்னு சொல்லுங்க சார், சொல்லுங்க" என்று கம்பவுண்டர் கெஞ்சினார். ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே லைனில் மின்சாரம் ஏற்றச் சொல்லியிருப்பேன்.

"இல்லபா. எல்லை டவர்ல ஒரு சங்கிலி கீது. மெட்ராஸ்காரங்க எடுப்பாங்கன்னு நம்மாளு வுட்டுட்டான். நாம எடுப்போம்னு அவங்க வுட்டுட்டாங்க. அத்த எடுக்கத்தான் ஏறினேன். கை வழுக்கிச்சு." மூச்சு வாங்கியது. "அத்த எடுக்கச் சொல்லி லைன்மேன அங்கயே வுட்டுட்டு வந்தேன். இந்நேரம் மேல ஏறிக்கினு இருப்பான். சார்ஜ் பண்ணிடாத. லைன் க்ளியர அவன் பேருக்கு மாத்திட்டேன். அவன் பேசினாதான் போடணும். திருப்பிச் சொல்லு."

சொன்னேன். எல்லை டவரில் ஒரு எர்த் பாக்கி, லைன்மேன் மேலே இருக்கிறார், சார்ஜ் செய்யக் கூடாது, அவர் பேசினால்தான். இரண்டு இடத்தில் நின்றேன். முடிக்கும்வரை காத்திருந்து, "ஆங்" என்றார்.

லைன்மேன் சங்கிலியைக் கழற்றி, இறங்கி, இருட்டில் சைக்கிள் மிதித்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்த டெலிபோனில் என்னைக் கூப்பிட்டான். அவன் குரலைக் கேட்டதும் டெஸ்பாட்சரிடம் சொன்னேன். லைன் வந்தது. ஊருக்கு விளக்கு வந்தது. முள் மெல்ல ஏறி ஐம்பதில் போய் நின்றது. நான் கைப்பிடியைச் சுற்றி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். "கரண்ட் வந்துச்சு சார்" என்றார் கம்பவுண்டர். "டாக்டர் பார்த்துட்டு முகத்தை மூடச் சொல்லிட்டார்."

மறுநாள் நகரியில் அவர் வீட்டுக்குப் போனேன். லைன்மேன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரின் மனைவி அழவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"கரண்ட் போடாதன்னு அவரே சொன்னாராண்ணா?"

"ஆமாம்மா."

"போட்டிருந்தா இவன் செத்திருப்பானா?"

"செத்திருப்பாம்மா."

தலையை ஆட்டினாள். அதை அவள் ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "கடேசியா உங்கிட்டதானே பேசினாரு. என்னப் பத்தி, புள்ளைங்களப் பத்தி எதுனா சொன்னாரா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் எந்த மனுஷனுக்குத்தான் வரும்? "சொன்னாரும்மா" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றாள். "சொல்லுண்ணா. அவரு சொன்னத அப்படியே சொல்லு."