ஆத்தாளிடம் நான் செய்த கள்ளம்

மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் எனக்கு ரத்தம் பட்டது. மலேசியாவில் லுக்குட் என்ற சின்ன ஊரில் மளிகைக் கடை வேலை, நாள் முழுக்க நிற்பதால் வந்த சூடு என்று இருந்துவிட்டேன். போன மாசியில் செரம்பான் மருத்துவமனையில் கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள். என் கணவரும் கூட இருந்தார்.

"ஆரம்பக் கட்டம்தாம்மா," என்றார் டாக்டரம்மா. "இடுப்புக்குள்ள இருக்கிற நிணநீர் முடிச்சுல பரவியிருக்க வாய்ப்பு கம்மி. ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியல. ஆனா ஆபரேஷன்ல எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும்."

கம்மி என்பது எனக்குப் போதவில்லை. இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் மாரியம்மன் முன் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நல்லது. பரவியிருக்கிறதா என்று அவளையே கேட்போம் என்றார் கணவர். பொட்டலம் கட்டியது நான். சிவப்பு அரளியைக் கையில் எடுத்தேன், வைக்க மனம் வரவில்லை. கீழே போட்டுவிட்டு இரண்டிலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன்.

அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அழுதே விட்டார். "ஆத்தா சொல்லிட்டாடி. பரவல. அப்புறம் கத்தி எதுக்குலா?" அன்றே போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்றார். நான் தடுக்கவில்லை. எனக்கும் கத்தியென்றால் பயம்.

ரத்தம் நிற்கவில்லை. அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். கோயிலைக் கடக்கும்போதெல்லாம் லாரியை நிறுத்திக் கும்பிடுவார். அதைப் பார்க்கும்போது செத்துவிடலாம் போல இருக்கும்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். நோயை எடு என்று கேட்க வாய் வரவில்லை. "தாயே, உன்கிட்ட பொய் சொன்ன வாயி இது. அவருகிட்டயாவது உண்மையச் சொல்ல வையி," என்று மட்டும் கேட்டேன். திரும்பினால் அவர் நிற்கிறார், அபிஷேகப் பாலோடு. லாரி பழுதாம், வேலை நேரத்திலேயே வந்துவிட்டார். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஆத்தாகிட்டயே ஏமாத்து வேலயாடி?" என்றார். பிறகு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே செரம்பான். யாரோ ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் என்று ஆபரேஷன் தள்ளிப்போக, காலியான அடுத்த செவ்வாயை எனக்குக் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போதே முடிச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டில் பரவியிருந்தது. பரவியபின் அதை எடுத்துப் பயனில்லை என்று கர்ப்பப்பையை எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். குடல் வெந்தது போல இருக்கும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பரவியிருக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டியதற்கு ஆத்தாள் இரங்கவில்லை. கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வை என்று கேட்டதை அந்த நிமிஷமே கொடுத்தாள். அதனால்தான் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நான் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை.

கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். அடியோடு போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. சகோதரிகளே, ரத்தம் பட்டால் மூடி வைக்காதீர்கள். அவளிடம் அழுங்கள், டாக்டரிடமும் போங்கள். கெட்ட பதிலே வந்தாலும் அவள் கையை விடமாட்டாள், நம்புங்கள். வரும் திங்கட்கிழமை எனக்கு அடுத்த பரிசோதனை. பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.