அவசரத்தின் படகுக்கு ஒரு தொட்டி

அவன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். அன்று வைத்த பட்டப்பெயர்தான் அவசரம். பெண் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் வருவதற்குள் கல்யாணத் தேதியைக் கேட்டவன். படகிலும் அப்படித்தான். முழு வேகத்தில் பறந்து போய், வலை போடும் இடம் வந்ததும் சடாரென்று இன்ஜினை நிறுத்துவான். படகு நிற்கும். படகு கிளப்பிய அலை நிற்குமா? பின்னாலேயே ஓடிவந்து, இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகையை ஏறிக் குதித்து உள்ளே வந்துவிடும்.

பழைய ஃபைபர் படகு அது. பின்பலகையைத் தாழ்வாகக் கட்டியிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்து வலை இறக்கும் மனைவிதான் ஒவ்வொரு முறையும் முழங்கால்வரை நனைவாள். ஒருநாள் நாற்பது வாளி தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"இனிமே நான் வரல. அக்காவோட தையல் கடைக்குப் போறேன். அங்க தண்ணி சொம்புல மட்டும்தான் இருக்கு."

"நான் மெதுவா நிறுத்துறேன்."

"நீங்களா?"

கடலின் நிறத்தைப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்வது அவள்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே வேகமாகப் போவது மட்டும்.

மறுநாளே பிளைவுட்டை அறுத்து ஒட்டி, பின்பலகையை ஒரு முழம் உயர்த்தினான். அதன்மேல் இன்ஜினை மாட்டி, படகைக் கடலில் தள்ளி, இன்ஜின் கயிற்றை இழுத்தான். பெரும் கூச்சல், படகு அசையவில்லை. பலகையோடு இன்ஜினும் ஒரு முழம் மேலே ஏறிவிட்டதால், விசிறி தண்ணீரைத் தொடாமல் வெறுங்காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

கரையில் நின்ற மெக்கானிக், மனைவியின் அண்ணன், விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளை, கடலுக்குப் போறீங்களா, காத்தாடி விடப் போறீங்களா?"

இன்ஜின் தாழ உட்கார, உயர்த்திய பலகையின் நடுவில் பள்ளம் வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் அலை அந்தப் பள்ளம் வழியாக வரும். வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடவில்லை.

"இங்க பாருங்க. இவ்வளவு தண்ணி வருது, சமையலறை நனையுதா?"

"தொட்டியில விழுந்து ஓட்டை வழியா போயிடுது."

சொல்லி முடிப்பதற்குள் செருப்பில்லாமல் ஓடினான்.

பள்ளத்துக்கு உட்பக்கம், படகின் அகலத்துக்கு ஒரு தொட்டி. அதிலிருந்து வெளியே இரண்டு ஓட்டைகள். துளைபோடும் மிஷினைத் தூக்கியவனின் கையை மச்சான் பிடித்தார். "கடல் மட்டத்துக்கு மேல போடணும் மாப்பிள்ளை. கீழ போட்டா கடலே உள்ள குடிவந்துடும்." படகை மிதக்கவிட்டு, மூவரும் ஏறி உட்கார்ந்து, நீர் தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். மச்சான் மூச்சை இழுத்துப் பிடித்தார். "இழுத்தா எடை குறையாதுண்ணா," என்றாள் அவள்.

தொட்டியை ஒட்டிய ரெசின் பசை காய நான்கு நாள். அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருந்தான். நாளுக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்ததில் அவன் கைரேகை இன்னும் அதில் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அவள் காய்ந்த காலோடு பின்னால் உட்கார்ந்தாள். "நனைஞ்சா நாளைக்குத் தையல் கடை." முழு வேகம். சடாரென்று நிறுத்தினான். அலை ஓடிவந்தது, பள்ளத்தில் ஏறியது, தொட்டிக்குள் தொப்பென்று விழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, களக் களக்கென்று வெளியே போனது. அவள் பாதத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"இன்னொரு தடவை!"

ஒன்பது தடவை. பத்தாவதற்குள் எண்ணெய் தீர்ந்தது. அவன் துடுப்புப் போட, அவள் கால்களைத் தொட்டிமேல் நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அங்க பாருங்க, தண்ணி கருத்திருக்கு! அத்தனையும் மீன்!"

படகில் வலை இல்லை. சோதித்துப் பார்க்கத்தானே வந்தார்கள்!

"சரி விடுங்க, நாளைக்கு நாம வலையோட வரணும்."

மீன் போனது அவன் காதில் ஏறவே இல்லை. "நாம"வைக் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். துடுப்பு அதன்பாட்டுக்குக் கரையைப் பார்த்து மிதந்து போய்க்கொண்டிருந்தது.