அசையாமல் நின்ற ஆள்

தொண்ணூறுகளில் ஓக்லாந்து நகரின் விரிப் பகுதியில் எனக்கு வரைபட வேலை. எங்கோ ஒரு பாலைவன மேட்டுநிலத்தை விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் வரும். லென்ஸ் வழியே சேர்த்துப் பார்த்தால் மலைகள் எழுந்து நிற்கும். அவற்றின் உயரக் கோடுகளை வரைவேன்.

ஒருநாள் படத்தில் ஒரு குடிசைக்கு அருகில் ஓர் ஆள் தெரிந்தார். என் கண் பதறிப்போய்ச் சுற்றிலும் தேடியது.

"பங்கர் எங்கையெண்டு தெரியேல்லை, சுமதி," என்றேன், பக்கத்து மேசைக் கோயம்புத்தூர்க்காரியிடம்.

"அங்க எதுக்குங்க பங்கர்?"

"பிளேன் வந்திட்டுதெல்லே?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஆடெல்லாம் ரெண்டு படத்துலயும் வேற வேற இடத்துல இருக்கு, ஓடுதுங்க. இவரு மட்டும் அசையாம நிக்கிறாரு. பிளேனை வேடிக்கை பாக்குறாரு போல."

யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டதும் குண்டுக்குப் பயந்து பதுங்கு குழிக்குள் பாய்வோம். நின்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே விமான நிலையத்துக்கு அருகில், பாபடோயிட்டோயில் குடியேறிய பிறகும், தலைக்கு மேல் விமானம் இறங்கினால் ஏதாவது கூரைக்கடியில் ஒதுங்கிவிடுவேன்.

அன்று மாலை டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனை மளிகைக் கடை வாசலில் நின்றபோது ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. கால்கள் உள்ளே ஓடப் பார்த்தன. பிடிவாதமாக நின்று அண்ணாந்தேன்.

விமானத்துக்கு ஜன்னல்கள் இருப்பதைக் கீழேயிருந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.