முனியப்பருக்கு வைத்த சுருட்டு

அப்பா தானாகவே நேர்த்தியை முறித்தார் என்றுதான் அம்மா சாகும்வரை நம்பினார். நான் திருத்தவில்லை. இப்போது என் தலையும் நரைத்துவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் துணுக்காயில் வயல் செய்துகொண்டிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு எழும்பியதும் சுருட்டு, சாப்பிட்டதும் சுருட்டு. ஒருநாள் இருமலோடு இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சுருட்டை விடச் சொன்னார்கள். மீதியிருந்த ஆறு சுருட்டுகளையும் கட்டோடு கொண்டுபோய், வாய்க்கால் ஓரத்து முனியப்பரின் சூலத்தடியில் வைத்து, இனித் தொடுவதில்லை என்று நேர்ந்துவிட்டு வந்தார். முனியப்பருக்கு வைத்ததை எங்கள் பக்கத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாளே அவர் வேறு ஆளானார். கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. காரணமில்லாமல் மாட்டுக்கு அடித்தார். தினமும் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறவர், "நடந்து போவன்ரா, கால் இல்லையே உனக்கு?" என்று சீறினார்.

"அப்பாவுக்கு மலேரியாவோ அம்மா?"

"இல்லையடா. ஒரு கிழமை போகட்டும், எல்லாம் அடங்கீடும்."

ஒன்பது வயதில் ஒரு கிழமை என்ற ஏழு நாள் மிக நீளமானது. நாலாம் நாள் பின்னேரம் சூலத்தடிக்குப் போனேன். களவெடுக்கும் எண்ணம் இல்லை. நான் உருட்டி விளையாடும் கண்ணாடிப் போளைகளில் நல்லதொன்றை வைத்துவிட்டு ஒரு சுருட்டை எடுத்தேன். முனியப்பருக்கும் நட்டமில்லை.

வயலில் தனியாக நின்ற அப்பாவிடம் நீட்டினேன்.

"அங்கையிருந்தோ எடுத்தனீ?"

"ஓம். போளை வைச்சிட்டுத்தான் எடுத்தனான்."

நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். போர்த் தடையால் தீப்பெட்டி கிடைக்காத காலம் அது. நடுக்கத்தில் மூன்று குச்சிகளை முறித்தார். இழுத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் கை அடங்கியது.

"அம்மாட்டைச் சொல்லாதை. நாளைக்கும் கொண்டுவாறியே ராசா?"

அப்பா என்னிடம் கெஞ்சியது அதுவே முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நாளுக்கு ஒன்று போதவில்லை; ஏழாம் நாளுக்குள் கட்டு முடிந்தது. எட்டாம் நாள் காலை அப்பாவே சூலத்தடிக்குப் போய், என் ஆறு போளைகளையும் எடுத்துவந்து தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி நீ அங்கை போகவேண்டாம்" என்றார்.

அம்மா சொன்ன அந்த ஒரு கிழமை அப்போது முடிந்திருந்தது. அதன்பின் அப்பா இரண்டு மாரிதான் கண்டார்.

ஆனால் அன்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். வழியில் சுருட்டுக் கடையில் நின்றோம். போளைகளும் திரும்பி வந்தன, அப்பாவும் திரும்பி வந்துவிட்டார் என்று, பள்ளிக்கூடம் வரைக்கும் மணியை அடித்துக்கொண்டே போனேன்.